ஜப்பான் அம்மாவின் படங்களும் என் மகள் கேட்ட வேஷமும்

அந்த நடிகையின் பெயரை டீச்சரம்மா எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். என் நாக்கில் நிற்கவில்லை. ஜப்பான் அம்மா என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கொடைக்கானலில் இருந்த காலத்தில் அவருடைய படங்கள் ஒன்பது பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் வேறு எந்தப் பொம்பளையும் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் படங்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், என் மகள் கேட்டு நான் கொடுக்காத ஒன்றைப் பற்றித்தான் கை எழுதுகிறது. எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது மகளுக்கு ஆறு வயது. எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கொடைக்கானலுக்குக் கீழே அடுக்கம் இறங்கும் பாதையில், ஒரு காய்கறித் தோட்டக்காரர் வரிசையாகப் போட்டுக் கொடுத்த தகரக்கூரை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே இருந்த வரிசை வீடுகளை லயம் என்றோம். இதையும் லயம் என்றே சொன்னோம். என் வீட்டுக்காரருக்குக் கேரட் காட்டில் சோலி. நான் டவுனில் டீச்சரம்மா வீட்டுக்குச் சமையலுக்குப் போனேன். மண் கொத்தப் போகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதை நான் மறைத்ததும் இல்லை.

டீச்சரம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் வெள்ளைக்கார வாத்தியார்கள் சிலரும் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். மெட்ராஸிலிருந்து சுருள்கள் தகரப் பெட்டியில் ரயிலில் கொடைரோடு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறும். ஜன்னல்களுக்குக் கம்பளி மாட்டி ஹாலை இருட்டாக்குவது என் வேலை. ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மிஷினில் மாட்டுகிற இடைவெளியில் எல்லோருக்கும் டீ கொடுக்க வேண்டும். மற்ற நேரம் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். மகளும் கூட வருவாள்.

ஜப்பான் அம்மாவை நான் முதலில் பார்த்தது கிழவியாக. ஆற்றோரத்தில் ஒரு சத்திரம் நடத்துகிறவர். சத்திரம் கைவிட்டுப் போகிறது. கடைசி நாளில் ஒவ்வோர் அறையாகப் பெருக்கி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வந்து வாசலில் உட்காருகிறார். அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஹாலில் ஒன்றும் கேட்காது. வெள்ளைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எங்களுக்கு என்ன நஷ்டம்? கேட்டாலும் அது ஜப்பான் பேச்சு. கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தும் எங்களுக்கு ஆகாது. முகத்தையும் கையையும் பார்த்தே நானும் மகளும் கதையைச் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்து ஒரு படம் வந்தது. அதில் இருபது வயதுப் பெண் ஒருத்தி மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறாள். நான் டீச்சரம்மாவிடம் குனிந்து, "இது அந்தக் கெழவியோட மகதானேங்க? அதே மூக்கு" என்றேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "இல்லம்மா, அதே ஆளுதான்" என்றாள்.

"போடி! கெழவி எப்படிடி கொமரி ஆவா?"

"அந்தப் பாட்டி உக்காரும்போது மொதல்ல எடது முட்டியத்தான ஊனுனாங்க? அப்பறம் முந்தானையத் தட்டிவிட்டாங்க. இவங்களும் அதேதான் செய்யறாங்க. பாரு."

டீச்சரம்மா படத்தை விட்டுவிட்டு என் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கரெக்ட்" என்றார். "இது பழைய பிக்சர். அந்தச் சத்திரத்துப் படத்துக்கு முப்பது வருஷம் முந்தி எடுத்தது. பெட்டி கிடைக்கிற மாதிரி நாம போடறோம், அவ்வளவுதான்."

நான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. தாயும் மகளும்தான் என்று இரண்டு மாதம் லயத்தில் எல்லோரிடமும் சாதித்தேன். மூன்றாவது படம் வந்த பிறகுதான் வாயை மூடினேன். இப்படியாக ஜப்பான் அம்மா எங்களுக்கு முதலில் கிழவி, பிறகு குமரி, பிறகு மூன்று பிள்ளை பெற்றவர், பிறகு பதினாறு வயதுப் பிள்ளை, மறுபடி கிழவி. ஒரு பிறவியை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டதுபோல் இருந்தது.

படம் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற இடத்தில் மகள் அந்தப் படத்தை நடித்துக் காட்டுவாள். வாய் திறக்க மாட்டாள். பாவாடையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கால் கட்டின மாதிரிச் சின்னச் சின்ன அடியாக நடந்து வருவாள்.

"அடியே, ஜப்பான்காரி வந்துட்டா, எடம் விடுங்கடி!" என்பாள் ஒருத்தி.

"ஏம்மா, அந்த ஊருல காலு வீசி நடக்கிற அளவுக்குத் துணி கெடைக்காதா?" என்பாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் துவைக்கிற சத்தம் நின்றுபோகும். ஒரு தடவை, மூக்குத்தியை அடகு வைத்த துக்கத்தில் இருந்த ஒரு பொம்பளை, நுரைக் கையோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மகள் செய்தது இவ்வளவுதான்: புருஷன் செத்த சேதி வருகிறது, ஜப்பான் அம்மா காய்ந்த துணியை எடுத்து மடிக்கிறார், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிக்கிறார். ஹாலில் அந்த இடத்தில் நானும் மூக்கைச் சிந்தினேன். மகள் அழவில்லை. கேட்டதற்கு, "அழுதா கண்ணு மறைக்கும்மா, பாக்க முடியாது" என்றாள்.

நான் காய் நறுக்கும்போது டீச்சரம்மா அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜப்பான் அம்மாவின் சங்கதிகளைச் சொல்வார். எங்கிருந்தோ பத்திரிகைகள் வரவழைத்து வைத்திருந்தார். பேசாத படம் எடுத்த காலத்திலேயே ஜப்பான் அம்மா நடிக்க வந்துவிட்டாராம். முதலில் சில வருஷங்கள் தட்டில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற வேலைக்காரி வேஷம்தானாம்.

"நான் செய்யற சோலியத்தான் அவங்க நடிச்சிருக்காங்க" என்றேன்.

"ஆமா. ஆனா அவங்க சிந்த மாட்டாங்க" என்றார் டீச்சரம்மா.

பிறகு கதாநாயகி. ஊரெல்லாம் அவர் படம் ஒட்டாத சுவர் இல்லையாம். முப்பத்தைந்து வயதானதும் கம்பெனிக்காரர்கள் வேறு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, நீ இவளுக்கு அம்மாவாக நடி என்றார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் வயதானவளைக் கொழுந்து எடுப்பதிலிருந்து மாற்றிப் புல்வெட்டில் போடுவார்கள். என்னை அப்படிப் போட்டிருந்தால் கங்காணியின் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஜப்பான் அம்மா சண்டை போடவில்லை. சந்தைக்குப் போய்க் கீரை விற்கிற கிழவிகள் பக்கத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்து, முதுகு எங்கே வளைகிறது என்று பார்த்தாராம். அப்புறம் நடித்த அம்மா வேஷங்களுக்குத்தான் அவருக்குப் பெரிய பேர். கல்யாணமும் செய்துகொள்ளாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் நடித்தார். இதைக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். என்னவோ என் சொந்தத்தில் ஒருத்தி ஜெயித்த மாதிரி லயத்தில் போய்ச் சொல்வேன்.

இனி எங்கள் காமன் கூத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் எங்கே போனாலும் அதை விட மாட்டார்கள். மாசி மாதம் பிறை கண்டு கம்பம் நட்டு, நோன்பிருந்து, மன்மதனுக்கும் ரதிக்கும் ஊர் பார்க்கத் தாலி கட்டிக் கல்யாணம் செய்வார்கள். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். எரிந்த இடத்தில் ரதிக்குத் தாலி அறுப்பார்கள். அப்போது ரதி அழுகிற அழுகைதான் கூத்துக்கு உயிர். அந்த வேஷத்தை ஆம்பளைதான் கட்டுவான். சிலோனில் என் அப்பா வருஷம் தவறாமல் கட்டினார். மார்பில் அறைந்து, மண்ணில் புரண்டு அழுவார். மலையே நின்று கேட்கும். மறுநாள் அதே ஜனம் என்னை "ரதி மக போறா" என்று கேலி செய்யும். அப்படிச் சொன்ன சிலரை நான் கொழுந்துக் கூடையால் அடித்திருக்கிறேன்.

மகளுக்குப் பதினாறு முடிந்த வருஷம் ரதிக்கு ஆள் இல்லாமல் போனது. வழக்கமாகக் கட்டுகிறவர் கிளாவரைப் பக்கம் பூண்டுக் காட்டு வேலைக்குப் போய், மீசையோடு திரும்பி வந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கூத்து வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. அந்தக் காலத்தில் என் அப்பா ரதியாக நின்றபோது இவர்தான் மன்மதன்.

"மருமவளே, ஒன்னு கேப்பேன். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கிற சங்கதின்னா கேக்காதீங்க மாமா."

"ரதிக்கு ஆளு இல்ல. ஒம் மகளக் குடு."

"பொம்பளப் புள்ளயவா?"

"ரதி பொம்பளதானே தாயி? இத்தன வருசமா ஆம்பளையச் செரச்சு, மஞ்சப் பூசி, மை வெச்சு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். துணி தொவைக்கிற எடத்துல அந்தப் புள்ள செய்யறத நான் ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கேன். உங்கப்பனுக்கு அப்பறம் இவதான்."

என் அப்பாவை அவர் இழுத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் தாலியைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். "கன்னிப் பொண்ணு கழுத்துல ஊரு பாக்கத் தாலி கட்டி, ஊரு பாக்க அறுத்தா, அப்பறம் எவன் மாமா இவளக் கேட்டு வருவான்?"

"அத யோசிக்காமலா வந்தேன்? தாலி வேணாம். மால மாத்துனாப் போதும். அறுக்கிற எடத்துல மாலையக் கழட்டிக் கீழ வெப்பா. நோம்புல கொற வந்தா பழி என்னோட."

என் வீட்டுக்காரர் மெதுவாக, "புள்ள ஆசப்பட்டா..." என்று இழுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

மகள் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கட்டறேம்மா" என்றாள்.

"உள்ள போடி."

"ஜப்பான் அம்மா எத்தன படத்துல புருசன எழந்தாங்க? அவங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"அவங்களுக்கு ஏதுடி புருசன்? கடைசிவரைக்கும் கல்யாணமே நடக்கல. அதத்தான் நானும் சொல்றேன்!"

வாத்தியார் சிரித்துவிட்டார். "தாயும் மகளும் யாரப் பத்திக் கதைக்கிறீங்க? ஒறவுக்காரங்களா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பன் கூத்தாடினது போதும் மாமா. எம் மக தெருவுல மண்ணுல பெரண்டு அழ மாட்டா."

"நான் பெரள மாட்டேம்மா" என்றாள் மகள். குரலே உயரவில்லை. "அழவும் மாட்டேன். எரிஞ்ச எடத்துல உக்காந்து, செதறிக் கெடக்குற சாம்பல ரெண்டு கையாலயும் கூட்டிக் கூட்டி ஒரு எடத்துல சேப்பேன். காத்து அடிக்கும். மறுபடி சேப்பேன். அவ்வளவுதான்."

அந்த வாசலில் நின்றபடியே நான் அந்த ரதியைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு ரதியைச் சிலோனிலும் யாரும் பார்த்ததில்லை, இங்கேயும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. நன்றாகத் தெரிந்துதான், "முடியாதுன்னா முடியாது" என்றேன். தாலி என்ற சாக்கை வாத்தியார் ஏற்கெனவே எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். கூத்தாடி மகள் என்ற பேச்சு தாண்டிவந்த கடலோடு போகட்டும் என்று நினைத்தேன். கூத்தாடியின் தாய் என்று இன்னொரு பேச்சு வந்துவிடக் கூடாது. என் மகளுக்காக அல்ல, எனக்காகத்தான் தடுத்தேன்.

அந்த வருஷம் தாண்டிக்குடியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ரதி கட்டினார்கள். ஒட்டடைக் குச்சிபோல் இருந்தார். மன்மதன் எரிந்ததும் இவர் அழுத அழுகைக்குக் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "ஏலே ரதி, நெருப்பு அணையறதுக்குள்ள பீடியப் பத்த வெச்சுக்கலே!" என்று ஒருவன் கத்தினான். மகள் என் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. சாம்பல் காற்றில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாசிக்குள் வாத்தியார் இழுப்பு வந்து படுத்துவிட்டார். கூத்து நின்றே போனது.

டீச்சரம்மாவிடம் இதை நான் ஜம்பமாகத்தான் சொன்னேன். "நல்லவேளைங்க, தடுத்துட்டேன்."

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "ஜப்பான் அம்மாவோட அம்மாவும் சின்ன வயசுல மேடையில பாடினவங்கதான். ஊர் பேசின பேச்சு தாங்காம நிறுத்திட்டாங்க. அப்புறம் மகளை அவங்களே ஸ்டுடியோ கேட்டுக்குக் கூட்டிட்டுப் போய், சாயந்தரம் வரைக்கும் வெளியில நின்னாங்களாம். எனக்குக் கிடைச்ச பேச்சு இவளுக்கும் கிடைக்கும், கிடைச்சாக் கிடைக்கட்டும்னு சொன்னாங்களாம்."

"அது ஜப்பானுங்க. அவங்க மானம் ரோசமெல்லாம் வேற மாதிரி" என்றேன்.

"வேற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். காப்பியைக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொம்பளைகள், "ஜப்பான்காரிய ஒருக்கா காட்டேன்" என்று கேட்பார்கள். "மறந்துபோச்சுக்கா" என்பாள். சனிக்கிழமை படத்துக்குக் கூப்பிட்டால், "துணி கெடக்கும்மா, நீ போ" என்பாள். எத்தனையோ தடவை இதைப் பேசிவிடலாம் என்று வாயெடுத்தேன். தாய் போய் மகளிடம் இறங்குவதா என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது வயதில் அவளைத் தாண்டிக்குடியில் ஒரு ஜீப் டிரைவருக்குக் கொடுத்தோம். நல்ல பிள்ளை. அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஜப்பான் அம்மாவின் ஒரு பெட்டி வந்தது. இதுதான் அவர் நடித்த கடைசிப் படம், இதற்குப் பிறகு அவர் வீட்டோடு இருந்துவிட்டார் என்று டீச்சரம்மா சொன்னார். "உன் மகளை வரச் சொல்லு" என்றார். ஜீப்பில் சொல்லி அனுப்பினேன். "நீ பாத்துட்டு வந்து சொல்லும்மா" என்று பதில் வந்தது. நான் தனியாகப் பார்த்தேன். அதில் ஜப்பான் அம்மா வருவது ரொம்பக் கொஞ்சம். பட்டணம் போகிற மகளை வழியனுப்ப பஸ் நிற்கிற இடத்துக்கு வருகிற தாய். பஸ் போன பிறகு திரும்பி வீட்டுக்கு நடக்கிறார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தாண்டிக்குடிக்குப் போனேன். மகள் களத்தில் காப்பிப் பழத்தைக் காயவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பஸ் வரைக்கும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வாயால் சொல்ல வரவில்லை. எழுந்து நின்றேன். இத்தனை வயதுக்கு மேல் என் மகள் முன்னால் களத்தின் ஓரத்தில் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து காட்டினேன்.

மகள் கிண்டுவதை நிறுத்தினாள்.

"அப்படித் திரும்ப மாட்டாங்கம்மா" என்றாள். "மொதல்ல காலு ரெண்டும் வீட்டுப் பக்கம் திரும்பிடும். ஒடம்பும் திரும்பிடும். மொகம் மட்டும் கொஞ்ச நேரம் ரோட்டையே பாக்கும். அதுக்கப்பறந்தான் வரும்."

அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் திரையில் நான் பார்த்தது அதேதான். ஒரு பிசகு இல்லை.

ஏன்டி, உன்னை அன்றைக்கு விட்டிருக்கணும், தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவளும் கையில் கிண்டுகிற கட்டையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ காத்திருந்தாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது. நான் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழ வர்ற மாதிரி கெடக்கு. வெரசா அள்ளு" என்றேன்.

"சரிம்மா" என்றாள். இரண்டு பேரும் குனிந்து களத்துக் காப்பியை எல்லாம் சாக்கில் அள்ளினோம். மழை வரவில்லை.